பூஜ்யம் புள்ளி மூன்று

2007 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்து. தூறல் நின்று ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அக்காள்மடத்தில் மெயின் ரோட்டோரம் ஐஸ் கடைக்கு மேலே இருந்த மாடியில், வடகடலிலிருந்து வந்த வாடைக்காற்று ஒரு பேனரைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான்கு மூலையில் ஒரு மூலையைக் கட்ட மறந்திருந்தார்கள். என் மகன் செய்த ஒரு கணினிச் சாமானின் பெயர் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சிறிய எழுத்தில் "பதிப்பு 0.3 வெளியீடு" என்று இருந்தது. சாமானின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு நான் செய்த இலவச ஊழியம் போதும்.

பூஜ்யம் புள்ளி மூன்று. முழுசாக ஒன்றுகூட ஆகவில்லை. நான் 1974இலிருந்து முப்பத்தொரு வருஷம் வாலிநோக்கம் பக்கம் ஒரு உப்பளத்தில் இருப்புக் கணக்குப் பார்த்தவன். முற்றாத உப்பை யாராவது பாத்தியிலிருந்து வாரிக் கரையில் குவித்தால், மேஸ்திரி வைகிற வசவு அடுத்த பாத்திக்குக் கேட்கும். கணினிக்காரர்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. பத்தில் மூன்று பங்கு வெந்ததும் இறக்கி, ஊரைக் கூப்பிட்டு, வடை வாங்கி வைத்து, அதற்கு வெளியீடு என்று பெயரும் கொடுத்துவிடுகிறார்கள்.

அது என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன். கணினியில் விளையாட்டு என்றால் கார் ஓடும், துப்பாக்கி சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். இது அதில்லை. இதில் படமே கிடையாது. திரையில் நாலு வரி எழுத்து வரும். "நீங்கள் கிணற்றடியில் நிற்கிறீர்கள். வாளி இருக்கிறது. வடக்கே ஒரு கதவு." நாம் கீழே தட்டச்சில் "வாளியை எடு" என்று அடிக்க வேண்டும். அது "எடுத்துவிட்டீர்கள்" என்று பதில் சொல்லும். "வடக்கே" என்று அடித்தால் அடுத்த இடத்தைப் பற்றி நாலு வரி வரும். இப்படியே போய்க் கதையை முடிக்க வேண்டும். வாசிக்கிறவனிடமே வேலை வாங்குகிற கதை. என் மகன் செய்தது அப்படி ஒரு விளையாட்டுகூட இல்லை. அப்படிப்பட்ட விளையாட்டுகளைத் தமிழில் பிறர் எழுதுவதற்கான கருவி. இடம், பொருள், வழி என்று நாம் சாதாரணத் தமிழில் எழுதிக் கொடுத்தால் அது விளையாட்டாக ஆக்கித் தருமாம். புரோகிராம் படிக்காத பிள்ளைகளும் எழுதலாமாம். எழுதித்தான் என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். "எழுதுவாகய்யா" என்றான். அதுதான் முழுப் பதில்.

இதற்காக அவன் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஜூன் மாதம் விட்டுவிட்டு, இரண்டு அட்டைப்பெட்டியோடு ராமநாதபுரம் வந்து இறங்கினான். வீட்டு முன்னறையில் கணினியை வைத்தான். அதன் பிறகு அந்த அறையில் மின்விசிறி நிற்கவேயில்லை. அக்டோபரில் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. மாதம் முப்பத்திரண்டாயிரம். நவம்பர் 26 திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். நான் என் கடைசிச் சம்பளமாக வாங்கியதை இங்கே எழுதினால் எனக்கே அவமானம், அதனால் எழுதவில்லை. மதுரையிலிருந்து சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டை நானே எடுத்து வந்தேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? அக்காள்மடத்தில் ஒரு டீச்சர் கணினி வகுப்பு நடத்துகிறாராம். அவர் இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு அரை வருஷத்துக்கு வகுப்பு வைக்கச் சம்மதித்தால், அவன் பெங்களூருக்குப் போகமாட்டானாம். சம்மதிக்காவிட்டால் சனிக்கிழமை ரயில் ஏறிவிடுவானாம்.

"டீச்சர் எம்புட்டுத் தருவாக?" என்றேன்.

"ஆறாயிரம்."

"மாசத்துக்கா?"

"அரை வருசத்துக்குய்யா."

நான் வகுத்துப் பார்த்தேன். மாதம் ஆயிரம். முப்பத்திரண்டில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவன் இவன்.

அதோடு விட்டானா? வெளியீட்டுக்கு முன்னால் யாராவது உட்கார்ந்து சோதித்துப் பார்க்க வேண்டுமாம். "நீங்கதான்யா அதுக்குச் சரியான ஆளு. எதக் கண்டாலும் ஒங்களுக்குத்தான் குத்தம் தெரியும்" என்றான். புகழ்ச்சி மாதிரிச் சொன்னான். நானும் உட்கார்ந்தேன். எனக்கு வேறு நோக்கம் இருந்தது. இது எவ்வளவு உதவாத பண்டம் என்று எண்ணிக்கையோடு காட்டிவிட்டால் பையன் தானாக ரயில் ஏறுவான் என்று நினைத்தேன்.

கருவியோடு சேர்த்துக் கொடுக்க அவனே ஒரு மாதிரி விளையாட்டு எழுதியிருந்தான். ஒருவன் வள்ளத்தில் போய்த் தொலைந்த நங்கூரத்தைத் தேடுகிற கதை. பதினான்கு இடம். மொத்தம் முப்பத்தொரு சொல் அதற்குப் புரியும். முப்பத்தொரு சொல் தெரிந்த ஆளை எங்கள் உப்பளத்தில் வாசல் காவலுக்குக்கூட வைக்கமாட்டோம். வேறு எந்தச் சொல்லை அடித்தாலும் "அது எனக்குப் புரியவில்லை" என்று சொல்லும். உட்கார் என்றால் புரியாது. நில் என்றால் புரியாது. ஆறு வாரத்தில் எழுபத்தொரு குற்றம் கண்டுபிடித்து, வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

சிலதைச் சொன்னால்தான் நம்புவீர்கள். கிணற்றில் "தண்ணீரை எடு" என்றேன். வாளி இல்லாமலே எடுத்துக்கொண்டது. அந்தத் தண்ணீரை வெறும் கையில் வைத்துக்கொண்டு ஆறு இடம் நடந்தேன். குடிக்கலாம் என்று "தண்ணீரைக் குடி" என்றால், அது எனக்குப் புரியவில்லை. கரையில் வலை கிடந்தது. எடுத்தேன். இன்னொரு தடவை எடுத்தேன்.

"ஏலே, இங்கன வா. ஒரே வலைய மூணு தடவ எடுத்தேன். மூணு வலை குடுத்துருச்சு."

"அது தெரியும்யா. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் வலைய ஓசியில குடுத்துக்கிட்டே இருப்பியாலே? எங்க இருப்புல ஒரு மூட உப்பு கூடினாலே மூணு பேரு தூங்கமாட்டோம்."

"இது உப்பளம் இல்லய்யா."

"அது தெரியுது."

எதைச் சொன்னாலும் அடுத்த பதிப்பு. அந்த ஆறு வாரத்தில் அந்த வார்த்தையை ஐம்பது தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். பல் தேய்க்க மறந்தாலும் அடுத்த பதிப்பில் தேய்ப்பான் போலிருந்தது.

எல்லாவற்றுக்கும் முதலாவதாக, ஒன்று என்று எண் போட்டு, கீழே கோடும் இழுத்து எழுதிக் கொடுத்த குற்றம் வேறு. விளையாட்டைத் திறந்ததும், கரை, வள்ளம், காற்று என்று நாலு வரி வந்த பின், நாம் தட்டச்சு செய்ய வேண்டிய இடத்தில் ஒரு கேள்வி வரும். "எங்கே போறீங்க?" ஒவ்வொரு தடவையும் வரும். எழுத்துத் தமிழில் கேட்டால் விறைப்பாக இருக்குமாம், அதனால் பேச்சுத் தமிழில் அன்பாகக் கேட்கிறதாம்.

முதல் நாளே என் மனைவி முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே பின்னால் நின்று வாசித்துவிட்டாள்.

"கெளம்புறவனப் பாத்து இப்படியாடா கேக்குறது? வெளங்குமா?"

எங்கள் பக்கத்தில் புறப்பட்டு நிற்கிறவனை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் அவன் திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவான். கேட்டே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்று கேட்பார்கள். அவன் விருப்பப்பட்டால் சொல்லிக்கொள்வான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் உப்பளத்துக்கு வருகிற வழியில் எவனோ எங்கே என்று கேட்டதால் வீட்டுக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்துவிட்டு, தாமதமாக வந்தவர்களை நான் வருகைப் பதிவில் பார்த்திருக்கிறேன். கடற்கரையில் இன்னும் மோசம். வள்ளத்தில் கால் வைத்தவனிடம் கேட்டுவிட்டால் அன்றைக்குத் தொழிலுக்கே போகாமல் இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஒரு பழக்கம் இருக்கிறதென்றால் கணக்கில் ஏற்றத்தான் வேண்டும்.

"அய்யா, அது வெறும் எழுத்து. கணினி கேக்குது. மனுசனா கேக்குறான்?"

"சரிலே. அந்த ஒரு வரிய மாத்துறதுல ஒனக்கு என்ன நட்டம்?"

அப்போதுதான் உண்மை வந்தது. இடங்களையும் பொருள்களையும் விளையாட்டு எழுதுகிறவர் இஷ்டத்துக்கு மாற்றலாமாம். இந்தக் கேள்வியை மட்டும் மாற்ற முடியாதாம். இவன் அதைக் கருவியின் அடிவயிற்றில் வைத்துவிட்டான். இந்தக் கருவியில் யார் என்ன கதை எழுதினாலும், சமையல்கட்டைப் பற்றி எழுதினாலும், எங்கே போறீங்க என்றுதான் கேட்கும்.

"அடுத்த பதிப்புல வெளிய எடுத்துருவேன்யா" என்றான்.

எழுபத்தொன்றில் இருபத்திரண்டைத் திருத்தினான். நாற்பத்தொன்பது அப்படியே இருந்தது. முதல் குற்றம் அந்த நாற்பத்தொன்பதில் ஒன்று. அதோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறினோம்.

டீச்சரைப் பற்றி எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது எனக்கே வருத்தம். ஐம்பது வயது இருக்கும். மீன்பிடிக் குடும்பம். முன்பு தட்டச்சு சொல்லிக் கொடுத்தவர். தட்டச்சுப் பொறிகளை விற்றுவிட்டு எட்டுக் கணினி வாங்கிப் போட்டிருந்தார். மகன் பேசப்பேச நடுவில் வெட்டி, "எல்லாம் சரிப்பா. நான் பிடிச்சிருக்குன்னு சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல. புள்ளைகளும் வீட்டாளுகளும் ஒக்காந்து பாக்கட்டும். அவுகதான் பீஸு கட்டுறவுக" என்று முன்பே சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் மாதா கோயில் பூசை முடிந்ததும் வரச் சொல்லியிருந்தார். வந்தார்கள். நாற்பத்து மூன்று பேர். பூசைக்குக் கட்டின சேலையோடு அம்மாக்கள், இஸ்திரி போட்ட சட்டையில் அப்பாக்கள், படிக்கிற பெண்பிள்ளைகள், நான்கைந்து இளவட்டங்கள். ஒரு கணினிக்கு ஐந்து பேர் விழுந்து, மூன்று பேர் நின்றார்கள். வடையும் டீயும் என் செலவு. அவன் கையில் அன்றைக்குச் சில்லறை இல்லையாம்.

மகன் பத்தொன்பது நிமிடம் பேசினான். எதிர்காலம் என்ற சொல் நிறைய வந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். எட்டுத் திரையிலும் விளையாட்டைத் திறந்தார்கள்.

மூன்றாவது கணினியில் ஒரு பெண், பக்கத்தில் இருந்த அவள் அம்மாவுக்காகச் சத்தமாக வாசித்தாள். "நீங்கள் அக்காள்மடம் கரையில் நிற்கிறீர்கள். வள்ளம் தண்ணீரில் இருக்கிறது. உங்கள் நங்கூரம் தொலைந்துவிட்டது. எங்கே போ..."

"ஏய், வாய மூடுடி!" என்றார் அந்த அம்மா. "நாளைக்கி ஒங்க அப்பா தொழிலுக்குப் போறாக. பூச முடிஞ்சு வந்த வாயால வாசிக்கிற!"

"நானாம்மா கேட்டேன்? இதுல போட்ருக்கு."

வாசலோரம் நின்ற பெரியவர் ஒருவர், சொந்த வள்ளம் வைத்திருப்பவர் என்று பிறகு சொன்னார்கள், குனிந்து திரையைப் பார்த்தார். நிமிர்ந்தார். "வள்ளத்துல ஏற நிக்கிறவன்கிட்ட எவம்லே இதக் கேட்டது?"

யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. ஒரு இளவட்டம் சிரிப்புக் காட்டலாம் என்று நினைத்தான். "நான் எங்கயும் போகல மாமா, வீட்டுக்குத்தான் போறேன்" என்று சொல்லிக்கொண்டே "வீட்டுக்கு" என்று அடித்தான். திரையில் பதில் வந்தது: "அங்கே போக வழி இல்லை."

"வீட்டுக்கு வழியில்லங்குது மாமா!"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஒரு அம்மா "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டு முந்தானையை இழுத்துச் செருகினார். கிளம்புகிற ஆயத்தம். முதலாவது கணினியில் இருந்த பெண் மட்டும் எப்படியாவது நிலைமையைச் சரி செய்ய நினைத்தாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டால் செய்ய வேண்டியதைத்தானே செய்ய வேண்டும்? "உட்கார்" என்று அடித்தாள். அது எனக்குப் புரியவில்லை. "தண்ணீரைக் குடி" என்று அடித்தாள். அது எனக்குப் புரியவில்லை.

என் வரிசையில் ஒன்று, ஒன்பது, இருபத்து மூன்று. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே திரையில் வந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். எனக்கு வேண்டியதெல்லாம் தானாக நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் வடையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பார்கள். சனிக்கிழமை ரயில், திங்கட்கிழமை வேலை. டிக்கெட் என் சட்டைப் பையில் மடித்து இருந்தது. தொட்டும் பார்த்துக்கொண்டேன்.

டீச்சர் மகனிடம் கேட்டார்: "ஏம்ப்பா, இத முன்னக்கூட்டியே யாருகிட்டயும் காட்டிப் பாக்கலியா?"

அவன் வியர்த்துப்போய் நின்றான். "காட்டினேன் டீச்சர். யாரும் இதச் சொல்லல."

யாரும் சொல்லல! ஆறு வாரம் முதுகு வலிக்க உட்கார்ந்து, எழுபத்தொரு குற்றத்தை வரிசை போட்டு, முதலாவதற்குக் கீழே கோடு இழுத்துக் கொடுத்த என் எதிரில். முப்பத்தொரு வருஷத்தில் என் இருப்பில் ஒரு மூட்டை தவறியதாக எந்த அதிகாரியும் சொன்னதில்லை. நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"யாருலே சொல்லல? மொதக் குத்தம் அது! ஒம்பதாவது, ஒக்காரத் தெரியல. இருவத்தி மூணாவது, தண்ணி குடிக்கத் தெரியல. எழுதிக் குடுத்தேனா இல்லையா? ஒங்க அம்மா கீர ஆஞ்சுக்கிட்டே சொன்னாளா இல்லையா?"

நாற்பத்து மூன்று பேரும் திரும்பினார்கள். டீச்சர் கொஞ்சமும் அசையாமல், "அப்ப என்ன கேக்கணும்யா?" என்றார்.

"தூரமான்னு கேக்கணும். அது முடியலன்னா பேசாமக் கெடக்கணும்."

வள்ளத்துப் பெரியவர் தலையை ஆட்டினார். "தூரமான்னா சரிதான். அதுக்குப் பதில் சொல்லலாம்."

"மாத்துப்பா" என்றார் டீச்சர்.

"அது உள்ளுக்குள்ள இருக்கு டீச்சர். அடுத்த பதிப்புல..."

"ஒக்காந்து இப்ப மாத்துலே!" என்றேன்.

உட்கார்ந்தான். இருபத்தாறு நிமிடம். அதற்குள் எல்லோரும் வடை சாப்பிட்டார்கள், அப்போதே கிளம்பியிருக்க வேண்டியவர்கள். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, உட்காரச் சொல்லிக் கொடு, தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கொடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "வீட்டுக்கு" என்று அடித்தால் "கொஞ்சம் இருங்க, போயிறலாம்" என்று பதில் வரட்டும் என்றும் சொன்னேன். ஆறு வாரமாக முடியாது முடியாது என்று சொன்னதெல்லாம் முடிந்தது. ஒரு பென் டிரைவில் ஏற்றி எட்டுக் கணினிக்கும் மாற்றினான். அடிவயிற்றில் இருந்ததாம்! கை எட்டும் இடத்தில்தான் இருந்திருக்கிறது.

"தூரமா?" என்று கேட்டது எட்டுத் திரையும்.

மூன்றாவது கணினியில் அந்த அம்மா மகள் கையைத் தட்டிவிட்டு, தானே சொல்ல ஆரம்பித்தார். "இல்ல, இங்கனதான், வடக்க செத்த தள்ளின்னு போடுடி." மகள் அப்படியே அடித்தாள். கருவி வடக்கு என்ற ஒரு சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தைத் தின்றுவிட்டு, வள்ளத்தை வடக்கே கொண்டுபோனது. பேசின மொத்தத்தையும் அது புரிந்துகொண்டதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு அந்த மாடியில் நான் கேட்ட இரைச்சலை மீன் இறங்குதளத்தில்கூடக் கேட்டதில்லை. "சோளகக் காத்து எதுக்க அடிக்கிற நேரத்துல தெக்க போறானாம், கிறுக்கன்!" "நங்கூரத்த விட்டவன் வள்ளத்த வித்துட்டுப் போகட்டும்டா!" என்று கதைக்குள் இருந்தவனைத் திட்டினார்கள். வலை கிடந்த இடம் வந்தது. என் நாற்பதாவது குற்றம். ஒரு இளவட்டம் தற்செயலாக இரண்டாவது தடவை எடுத்துவிட்டான்.

"ரெண்டு வலை இருக்கு மாமா!"

"இன்னொருக்கா எடு பாப்போம்."

"மூணு!"

"ஏலே, நிறுத்தாத, எடு! என்ன வெலை விக்கிது வலை!"

பதினொரு வலை எடுத்தார்கள். வள்ளத்துப் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டாவதை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் குற்றத்துக்காக நான் இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தேனோ, அதைக் கும்பிடாத குறையாகக் கொண்டாடினார்கள். அதைத் திருத்தக் கூடாது என்று டீச்சரிடம் மனுவே கொடுத்தார்கள். இரண்டு மணி பத்துக்குத்தான் கடைசி ஆள் இறங்கினார்.

டீச்சர் என்ன முடிவு சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கூடச் சேர்த்துக்கொண்டார். "அய்யாவும் வாரத்துக்கு ஒரு நாள் வரணும். புள்ளைக எழுதுறதுல குத்தம் பாக்க ஒங்கள மாதிரி ஆளு எனக்குக் கெடைக்கமாட்டாக." இதற்குக் கூலி பற்றிப் பேச்சு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வருகிற பேருந்தில் பாம்பன் பாலம் தாண்டியதும் மகன் சொன்னான்: "பெங்களூருக்கு நாளைக்கு எழுதிறவா, வரலன்னு?"

"ஆறு மாசம் கழிச்சு வாரேன்னு எழுது. அடுத்த பதிப்புல வாரேன்னு எழுது."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மண்டபம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். யார் மேலே கோபப்படுவது என்று எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. வாய் என்னுடையது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரை வருஷ வகுப்பு ஒன்றரை வருஷமாக நீண்டது, பெங்களூர்க் கம்பெனி அதுவரை காத்திருக்கவில்லை. அந்தப் பதிப்பு நான்காகி, ஐந்தாகி, ஏழுவரை வந்தது. பூஜ்யம் புள்ளி ஏழு. ஒன்று வரவேயில்லை. ஒரு முழு எண்ணுக்கு அவ்வளவு பயம். வகுப்பில் படித்தவர்கள் மொத்தம் ஒன்பது விளையாட்டு எழுதினார்கள். சமையல்கட்டைப் பற்றி ஒன்று. திருமண வீட்டில் செருப்பைத் தொலைத்தவன் கதை ஒன்று. கண்ணுக்குத் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் இன்டர்நெட்டில் கருவியை இறக்கிக்கொண்டார்கள் என்று மகன் ஒரு எண் சொல்வான். அந்த எண்ணை நான் சரிபார்க்க முடியாததால் எழுதவில்லை. வாராவாரம் போய் உட்கார்ந்து நான் எல்லாவற்றிலும் குற்றம் எழுதிக் கொடுத்தேன். எழுபத்தெட்டு வாரம். ஒரு வாரம்கூட விடவில்லை.

அன்றைக்கு "தண்ணீரைக் குடி" என்று அடித்தாளே, அந்தப் பெண் எழுதிய விளையாட்டில் ஏழாவது இடத்தில் ஒரு கிழவர் வருகிறார். "ஒரு அய்யா வழிமறித்து உட்கார்ந்திருக்கிறார். கையில் எத்தனை பொருள் இருக்கிறது என்று சரியாகச் சொன்னால்தான் விடுவார்." டீச்சரும் பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விளையாடி முடித்துவிட்டு, அந்தக் கிழவர் கணக்குத் தப்பாகப் போடுகிறார், வாளியை இரண்டு தடவை எண்ணுகிறார் என்று சொன்னேன். உண்மையிலேயே எண்ணியது. திருத்திவிட்டாள்.

2009 மே மாதம் ஐஸ் கடைக்காரர் மாடியைத் திருப்பிக் கேட்டார். டீச்சர் எட்டுக் கணினியையும் விற்றுவிட்டார். மகன் மதுரையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த வருஷம் வேலை கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்ததாம். மாதம் பதினான்காயிரத்து ஐந்நூறு. முப்பத்திரண்டாயிரம் கிடைத்திருக்க வேண்டியவன். இப்போதும் சனி ஞாயிறு வந்தால் முன்னறையில் உட்கார்ந்துகொள்கிறான். எட்டாவது பதிப்பாம்.

கணக்கை முடித்துவிடுகிறேன். பதினெட்டு மாதச் சாப்பாட்டை எழுதக் கூடாது என்று அவன் அம்மா சொல்லிவிட்டாள், எழுதவில்லை. பிள்ளை பதினெட்டு மாதம் வீட்டோடு இருந்தானே, அதை வரவில் எழுதுங்கள் என்றாள், அதையும் எழுதவில்லை. இன்டர்நெட்டுக்கு மாதம் ஐந்நூறு வீதம் ஒன்பதாயிரம். மின்வெட்டுக்காக யுபிஎஸ் பேட்டரி நாலாயிரத்து எண்ணூறு. பழைய கணினி படுத்துக்கொண்டதால் புதிது இருபத்தோராயிரத்து ஐந்நூறு. எனக்கு மட்டும் பேருந்துக் கட்டணம், போக வர முப்பது வீதம், இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. அன்றைய வடை, டீ இருநூற்று எண்பத்தைந்து. ரயில் டிக்கெட்டை ரத்து செய்ததில் அறுபது. இதில் டீச்சர் முதல் அரை வருஷத்துக்குத் தந்த ஆறாயிரத்தையும், அடுத்ததற்குத் தந்த மூவாயிரத்தையும் அவன் என்னிடம் கொடுத்துவிட்டான். அதைக் கழித்துவிட வேண்டும். நிகரம் இருபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து ரூபாய்.